சவுக்கு தோற்ற இடம்: கண்காட்சி நாய்க்குட்டியைப் பழக்கிய வரலாறு

நாய்க் கண்காட்சி ஒன்றில் நாயிடம் எதிர்பார்க்கப்படுவது மிகவும் சொற்பம். அது வேட்டையாட வேண்டியதில்லை. மந்தையை மடக்க வேண்டியதில்லை. கள்வனைப் பிடிக்க வேண்டியதுமில்லை. கயிறு கட்டிப் பிரிக்கப்பட்ட ஒரு வெளியில் (அது சதுரமாக இருந்தாலும் அந்த உலகத்தவர்கள் அதை வளையம் என்றே அழைப்பர்) நான்கு கால்களையும் சமமாக ஊன்றி இரண்டொரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் அருகில் வந்து உதட்டை விலக்கிப் பற்களைப் பார்க்கவும், தோளையும் விலாவையும் தடவவும், ஆண் நாயாயின் விதைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்கவும் இடங்கொடுக்க வேண்டும். பின்னர் எசமானின் இடப்பக்கமாக ஒரே சீரான ஓட்டநடையில் போய்வர வேண்டும். அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதானை' ஓர் இளம் நாய்க்கு எப்படிக் கற்பிப்பது என்பதை மனிதன் சரிவரப் புரிந்துகொள்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. நாய்க் கண்காட்சி என்றதும் வசதி படைத்தவர்களின் வீண் பொழுதுபோக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் எம்மிடையே பலர். அந்த விமர்சனத்தில் நியாயம் இல்லாமலில்லை. அதற்குப் பின்னர் வருகிறேன். ஆனால், நாயைப் பழக்குவதற்கு அடியும் உதையுமே வழி என்று எல்லோரும் நம்பியிருந்த ஒரு காலத்தில், அடி பயன்படாத இடமாக இந்த வளையம் இருந்தது என்பதை வரலாற்றை ஊன்றிப் படிப்பவர்கள் மறுக்க இயலாது. வளையத்தினர் மற்றவர்களை விடவும் கருணையுள்ளவர்களாக இருந்தார்கள் என்பது அதற்குக் காரணமல்ல. அடிபட்ட நாய் வளையத்தில் வெல்வதில்லை என்பதே காரணம்.

முதலாவது நவீன நாய்க் கண்காட்சி என்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுவது 1859 ஜூன் 28, 29 ஆம் திகதிகளில் இங்கிலாந்தின் வடகிழக்கில் நியூகாசில் நகரில் நடைபெற்றதாகும். கோழிக் கண்காட்சி ஒன்றுடன் சேர்த்தே அது நடத்தப்பட்டது. சுமார் 60 நாய்கள் வந்திருந்தன. இரண்டே இரண்டு வகைகள் தான். ஒன்று, பறவையின் வாடையைப் பிடித்ததும் அப்படியே உறைந்து நின்று மூக்கால் திசைகாட்டும் பொயின்ரர். மற்றது, அதே வேலையைப் பதுங்கி நின்று செய்யும் செற்றர். இரண்டுமே துப்பாக்கி வேட்டைக்காரனின் நாய்கள் என்பதால் பரிசாக வழங்கப்பட்டவையும் துப்பாக்கிகளே. இந்தக் கண்காட்சி பற்றி ஒரு சுவையான தகவல் உண்டு. பொயின்ரர் நாய்களுக்கான பரிசு செற்றர் நாய்களுக்கு நடுவராக இருந்தவரின் நாய்க்கும், செற்றர் நாய்களுக்கான பரிசு பொயின்ரர் நாய்களுக்கு நடுவராக இருந்தவரின் நாய்க்கும் போய்ச் சேர்ந்தது. நடுவர்கள் மீதான முணுமுணுப்பு நாய்க் கண்காட்சியின் முதல் நாளிலேயே பிறந்துவிட்டது என்றே கூறவேண்டும்.

அதற்கு முன்னர் ஆங்கிலேயரின் நாய் மோகம் வேறு வகையில் வெளிப்பட்டது. எருதின் மீது நாய்களை ஏவிவிடுவதும் நாய்களை ஒன்றோடொன்று மோதவிடுவதும் 1835 ஆம் ஆண்டின் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டன. அதற்குப் பிறகு, இலண்டன் மதுச்சாலைகளின் பின்னறைகளில் எலி பிடிக்கும் பந்தயங்களுடன், யாருடைய நாய் அழகு என்று மேசை மீது வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமும் வளர்ந்தது. புகையிரதம் வந்ததும் நாய்களை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்வது எளிதாயிற்று. மதுச்சாலையின் மேசை நகர மண்டபத்தின் வளையமாக மாறியது.

நாயை அதன் செயலால் அல்லாமல் அதன் தோற்றத்தால் மதிப்பிடுவது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை உணர்ந்துகொள்ள எம்மவர்களுக்கு ஒரு நடுகல் உதவும். திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரிய வீரக்கல்லில், போரில் மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுடன் அவனது நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்து எசமானின் அருகே காவல் நின்றது என்பதைக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. கோவிவனின் நிறம் என்ன, காது நிமிர்ந்ததா தொங்கியதா என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. நியூகாசிலில் கேட்கப்பட்டவையோ அந்தக் கேள்விகள் மாத்திரமே. பறவையை மோப்பம் பிடிக்கும் திறனை மண்டபத்துக்குள் வைத்துச் சோதிக்க முடியாதல்லவா? அந்தக் குறையை நிவர்த்தி செய்வதற்கு 1865 இல் பெட்போர்ட்ஷையரின் சவுத்ஹில் என்ற இடத்தில் வயல்வெளிப் பரீட்சை தனியாக ஆரம்பிக்கப்பட்டது. வேலை செய்யும் நாய் ஒரு பாதையிலும் அழகான நாய் இன்னொரு பாதையிலும் பிரிந்து சென்றதும் அந்தக் கட்டத்தில் தான்.

வேலை நாயைப் பழக்குவதை ஆங்கிலேயர் அந்நாட்களில் 'உடைத்தல்' என்று பொருள்படும் சொல்லினாலேயே குறிப்பிட்டனர். சொல்லே முறையையும் கூறிவிடுகிறது. நாயின் விருப்பத்தை உடைத்து அதில் எசமானின் விருப்பத்தை ஏற்றுவது. நாய் வளர்ந்து உடல் முறுகும் வரை, பெரும்பாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ, அதைக் கொட்டிலில் சும்மா விட்டுவைப்பார்கள். அதற்குப் பின்னர் முள் பதித்த கழுத்துப்பட்டியுடனும் சவுக்குடனும் 'உடைப்பவன்' வருவான். எல்லோரும் அப்படி இருந்தனர் என்றில்லை. வில்லியம் ஹட்சின்சன் என்ற இராணுவ அதிகாரி 1848 இல் இந்தத் துறை பற்றி எழுதிய நூலில் பொறுமையையும் தெளிவான கைச்சைகைகளையும், கீழ்ப்படிந்த நாய்க்கு உடனே கொடுக்கப்படும் சிறு தீனியையும் வலியுறுத்தினார். அவரது நூல் பல பதிப்புகளைக் கண்டது. ஆனால் நூலை வாங்கியவர்கள் கனவான்கள். கொட்டிலில் நாயைப் பிடித்தவர்கள் அவர்களது வேலையாட்கள். சவுக்கு அதன் இடத்திலேயே இருந்தது.

1873 ஏப்ரிலில் பாராளுமன்ற உறுப்பினர் செவாலிஸ் ஷேர்லியும் வேறு 12 கனவான்களும் சேர்ந்து இலண்டனில் கெனல் கிளப்பை நிறுவினர். உலகின் முதலாவது தேசிய நாய் வளர்ப்போர் கழகம் அதுவே. அடுத்த வருடம் வெளிவந்த அதன் முதலாவது வம்சாவளிப் பதிவேட்டில் 4027 நாய்கள் இடம்பெற்றன. ஒவ்வொரு இனமும் எப்படியிருக்க வேண்டும் என்ற அளவுகோல்கள் எழுத்தில் வரத்தொடங்கின. இந்தக் கனவான்களின் கழகத்தை விடவும் சாதாரண மக்களை வளையத்துக்கு இழுத்து வந்தவர் என்று ஒருவரைச் சொல்வதானால் அவர் ஒரு வியாபாரி; சார்ள்ஸ் கிறஃப்ட். நாய் பிஸ்கற் என்ற பொருளையே சந்தைக்குக் கொண்டுவந்தவரான அமெரிக்கர் ஜேம்ஸ் ஸ்பிராட்டின் நிறுவனத்தில் இளைஞராகச் சேர்ந்த கிறஃப்ட், பிஸ்கற் விற்பதற்காகப் பிரபுக்களின் கொட்டில்களுக்கெல்லாம் சென்றுவந்தார். யாரிடம் என்ன நாய் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். 1886 இல் ரெரியர் நாய்களுக்கு மட்டும் ஒரு கண்காட்சியை நடத்திய அவர், 1891 இல் இலண்டன் இஸ்லிங்டனில் தனது பெயரிலேயே சகல இனங்களுக்குமான கண்காட்சியைத் தொடங்கினார். ஏறத்தாழ 2000 நாய்கள் வந்தன. விக்டோரியா மகாராணியாரும் தனது நாய்களை அனுப்பிவைத்தார். இன்று பேர்மிங்ஹாமில் நடைபெறும் 'கிறஃப்ட்ஸ்' அதன் தொடர்ச்சிதான்.

ஒரு நாய்க்குட்டியின் நிலையிலிருந்து இந்தக் கண்காட்சிகளைக் கற்பனை செய்து பாருங்கள். கொட்டிலுக்கு வெளியே உலகத்தையே கண்டிராத ஒன்று, பெட்டிக்குள் அடைக்கப்பட்டுப் புகையிரதத்தில் பல மணித்தியாலம் பயணம் செய்கிறது. மண்டபத்தில் வரிசையாகப் போடப்பட்ட மரவாங்குகளில் சங்கிலியால் கட்டப்பட்டு, இருபுறமும் குரைக்கும் அந்நிய நாய்களுக்கு நடுவில் முழுநாளும் இருக்கிறது. கூரையில் எதிரொலி, ஆயிரக்கணக்கான கால்கள், நீளும் கைகள். அதன் பின்னர் வளையத்துக்குள் கொண்டுசெல்லப்பட்டு, அந்நியர் ஒருவர் குனிந்து அதன் வாயைத் திறக்கிறார். இங்குதான் சவுக்கு தோற்றது.

பயத்தினால் ஒரு நாயை உட்காரவைக்கலாம், படுக்கவைக்கலாம், கூப்பிட்டதும் வரவைக்கலாம். ஆனால் பயந்த நாயின் உடல் பொய் சொல்லாது. வால் பின்னங்கால்களுக்கு நடுவே செல்லும். காது மண்டையோடு ஒட்டும். முதுகு வளையும், பின்புறம் தாழும், பாரம் முழுவதும் பின்னங்கால்களுக்குப் போவதால் முன்னங்கால்களின் நேர்கோடு கெடும். நடையில் வீச்சு சுருங்கிவிடும். நடுவர் அளவுகோலை வைத்துப் பார்க்கும் அத்தனை அம்சங்களையும் பயம் குலைத்துவிடுகிறது. கொக்கர் ஸ்பானியல் இனத்தின் அளவுகோலில் வாலை ஓயாமல் ஆட்டும் உற்சாகமான சுபாவமே ஒரு தகுதியாக எழுதப்பட்டிருக்கிறது. சவுக்கைக் காட்டி ஒரு வாலை ஆட்டவைத்தவர் இந்த உலகில் எவருமில்லை. கிறஃப்ட்ஸ் கண்காட்சியில் சகல இனங்களுக்குள்ளும் சிறந்த நாய்க்கான விருது 1928 இல் அறிமுகமானது. 1930 க்கும் 1950 க்கும் இடையில் அதை ஆறு தடவைகள் வென்ற எச்.எஸ். லொயிட்டின் நாய்கள் அனைத்தும் கொக்கர் ஸ்பானியல்களே என்பது குறிப்பிடத்தக்கது.

ஆகவே, நல்ல கொட்டில்காரர்களிடம் எழுதப்படாத ஒரு கைப்பக்குவம் வளர்ந்தது. சட்டைப்பையில் அவித்து உலர்த்திய ஈரல் துண்டு. குட்டியாக இருக்கும்போதே மேசையில் தூக்கிவைத்துத் தடவிக்கொடுத்தல். ஊரார் வந்தால் குட்டிகளைத் தூக்கிப்பார்க்க விடுதல். அவர்களிடம் கோட்பாடு இருக்கவில்லை. ஏன் பலிக்கிறது என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கோட்பாடுகளோ எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தன. ஜேர்மனியில் பொலிஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910 இல் வெளியிட்ட கைநூல் நாய்ப் பயிற்சியை முதன்முறையாக ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. அவரது அவதானிப்பு கூர்மையானது. ஆனால் அவரது முறையின் முதுகெலும்பு கட்டாயப்படுத்தலே. இரண்டு உலக யுத்தங்களிலும் இராணுவ நாய்கள் பழக்கப்பட்டது இந்த வழியில்தான். யுத்தத்திலிருந்து திரும்பிய பயிற்சியாளர்கள் அதையே வீட்டு நாய்களுக்கும் கொண்டுவந்தனர். அமெரிக்காவில் 1962 இல் வெளியான வில்லியம் கோலரின் நூல், இறுக்கும் சங்கிலியைச் சுண்டி இழுத்துத் திருத்தும் முறையை இலட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுசென்றது. (பழைய ஆசிரியபீடங்களில், பிரதியை முகத்தில் வீசித் திருத்தும் முறையில் பழக்கப்பட்ட என் தலைமுறைப் பத்திரிகையாளர்களுக்கு இது அந்நியமான தத்துவமல்ல.)

இதற்கிடையில் வளையத்துக்கு உள்ளேயிருந்தே ஒரு சுவாரஸ்யமான கலகம் கிளம்பியது. நியூயோர்க் மாநிலத்தில் பூடில் இன நாய்களை வளர்த்த ஹெலன் வைற்ஹவுஸ் வோக்கர் என்ற பெண்மணிக்கு, மயிரைக் கத்தரித்துப் பந்து பந்தாக விட்ட தனது நாய்களை மற்றவர்கள் அலங்காரப் பொம்மைகள் என்று கேலிசெய்வது பொறுக்கவில்லை. பூடிலுக்கு மூளையுண்டு என்று காட்டுவதற்காக 1933 இல் மவுண்ட் கிஸ்கோவில் கீழ்ப்படிதல் பரீட்சை ஒன்றை நடத்தினார். வந்தவை எட்டு நாய்கள். 1936 இல் அமெரிக்கன் கெனல் கிளப் அதை அங்கீகரித்தது. மறுவருடம் பயிற்சியாளர் பிளான்ச் சோண்டர்ஸுடன் மூன்று பூடில்களையும் ஏற்றிக்கொண்டு இழுவை வண்டி ஒன்றில் 10,000 மைல்கள் சுற்றி ஊர் ஊராகச் செய்துகாட்டினார். அழகுக்கும் அறிவுக்கும் பகையில்லை என்று நிரூபித்த பயணம் அது. ஆனால் நடைமுறையில் ஒரு முரண்பாடு எழுந்தது. கீழ்ப்படிதல் பயிற்சியில் முதற்பாடம் உட்காருதல்; நடப்பவர் நின்றால் நாய் தானாக உட்கார வேண்டும். வளையத்திலோ உட்காரும் நாயால் பிரயோசனமில்லை. 'உட்கார்' என்பதற்குப் பரிசு வாங்கிப் பழகிய குட்டி, நடுவர் நெருங்கும் நேரம் பார்த்து நம்பிக்கையோடு உட்கார்ந்துவிடும். கண்காட்சிக்காரர்கள் பலர் இன்றும் குட்டிக்கு 'நில்' என்பதையே முதலில் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

கொட்டில்காரர்களின் கைப்பக்குவத்துக்கு விஞ்ஞானம் காரணம் சொன்னது அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், பார் ஹார்பரிலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில். ஜோன் போல் ஸ்கொட், ஜோன் ஃபுல்லர் ஆகிய இருவரும் ஐந்து இன நாய்களை வைத்து அங்கு நீண்டகாலம் ஆய்வு செய்தனர். 1965 இல் அது பெருநூலாக வந்தது. அந்த ஆய்வுகூடத்தில் நடந்த, 1961 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஒரு பரிசோதனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கொக்கர் ஸ்பானியல், பீகிள் குட்டிகளை உயர்ந்த வேலியிட்ட ஒரு வெளியில் தாயுடன் வளர்த்தார்கள். உணவும் நீரும் மனித முகம் தெரியாத வகையில் உள்ளே வைக்கப்பட்டன. சில குட்டிகள் இரண்டாவது வாரத்திலும், சில மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது வாரங்களிலும் ஒரேயொரு வாரத்துக்கு மட்டும் வெளியே எடுக்கப்பட்டு மனிதருடன் பழகவிடப்பட்டு, மீண்டும் வெளிக்குள் விடப்பட்டன. ஒரு சில குட்டிகள் 14 வாரங்கள் வரை மனிதரைக் காணவேயில்லை.

பெறுபேறு எவரையும் திகைக்க வைக்கும். இடைப்பட்ட வாரங்களில் ஏழே ஏழு நாட்கள் மனிதருடன் பழகிய குட்டிகள் பின்னர் மனிதரை ஏற்றுக்கொண்டன. 14 வாரங்கள் வரை தனித்து விடப்பட்டவையோ காட்டு விலங்குகளைப் போல நடந்துகொண்டன. அவற்றில் ஒன்று மாத்திரம், மூன்று மாதகாலம் பொறுமையாகத் தடவிக்கொடுத்துப் பராமரித்த பின்னர் ஓரளவுக்கு இணங்கியது. பிறந்து மூன்று வாரமளவில் திறக்கும் ஒரு கதவு, 12 வாரங்களை அண்டி மெல்ல மூடிவிடுகிறது. வளர்ந்து உடல் முறுகட்டும் என்று கொட்டிலில் விட்டுவைத்த 'உடைப்பவர்கள்' அந்தக் கதவு மூடிய பின்னரே நாயிடம் சென்றார்கள். அதனால்தான் அவர்களுக்குச் சவுக்கு தேவைப்பட்டது. மேசையில் தூக்கிவைத்துத் தடவிய கொட்டில்காரர்களோ தாம் அறியாமலே கதவு திறந்திருந்த நேரத்தில் உள்ளே சென்றிருந்தார்கள்.

இரண்டாவது திறவுகோல் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரிடமிருந்து வந்தது. 1951 இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' சஞ்சிகையில் பொதுமக்களுக்காக எழுதிய கட்டுரையில், சிறுவர்கள் விளையாடும் 'கிளிக்' என்று சத்தமிடும் தகரப் பொம்மையைப் பயன்படுத்தி எந்த விலங்குக்கும் கற்பிக்கலாம் என்றார் அவர். சரியான செயல் நடக்கும் அந்தக் கணத்தில் ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து தீனி. அவரிடம் பயின்ற கெலர், மரியன் பிரெலண்ட் தம்பதியர் 1940 களிலேயே இதை விலங்குப் பயிற்சியில் பயன்படுத்தியிருந்தனர். ஆனால் நாய் உலகம் அதை ஏறெடுத்துப் பார்க்க நாற்பது ஆண்டுகள் எடுத்தன. பிரிட்டனில் 1980 இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் நாடறிந்த பிரபலமான பார்பரா வூட்ஹவுஸ் கூட இறுக்கும் சங்கிலியையே நம்பியிருந்தார். டொல்பின்களைப் பழக்கிய கரென் பிரையர் எழுதிய நூலும் (1984) 1990 களில் அவர் நடத்திய கருத்தரங்குகளும் வந்த பின்னர் தான் நிலைமை மாறத்தொடங்கியது. கழுத்தில் சங்கிலி கட்டி டொல்பினை இழுக்க முடியாது. அடித்தால் நீந்திப் போய்விடும். வளையத்துக் குட்டிக்கும் டொல்பினுக்கும் உள்ள ஒற்றுமை அதுதான்.

இன்று அக்கறையுள்ள ஒருவர் கண்காட்சிக்கென ஒரு குட்டியைப் பழக்கும் விதத்தைப் பார்த்தால் இந்த வரலாறு முழுவதும் அதில் தெரியும். மூன்றாவது வாரத்திலிருந்தே குட்டியைத் தினமும் தூக்கி, வழுக்காத இறப்பர் விரிப்புப் போட்ட மேசையில் சில விநாடிகள் நிறுத்துவார்கள். எட்டு வாரமளவில் புதிய வீட்டுக்கு வந்ததும் நிற்கப் பழக்குவது ஆரம்பமாகும். இதில் ஒரு நுட்பம். தீனியை மூக்குக்கு மேலே உயர்த்தினால் குட்டி உட்கார்ந்துவிடும். மூக்கின் மட்டத்திலேயே பிடித்து நேராக முன்னே இழுத்தால் எழுந்து நிற்கும். கைவிரலின் ஓர் அங்குலத்தில் பாடம் மாறிவிடுகிறது. முதுகை அழுத்தி நிறுத்த முயன்றால் குட்டி எதிர்த்துத் தள்ளும். முன்னங்காலை முழங்கையருகே பிடித்துத் தூக்கி ஊன்றவைக்க வேண்டும். பாதத்தைப் பிடித்து இழுத்தால் காலை மடக்கிக்கொள்ளும். ஒரு பாடம் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் நீளக்கூடாது. குட்டிக்கு அலுப்பதற்கு முன்னர் நாம் நிறுத்த வேண்டும்.

பற்களைக் காட்டப் பழக்குவதில்தான் பலர் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். நான்காவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை பாற்பற்கள் விழுந்து புதிய பற்கள் முளைக்கும், ஈறு நொந்திருக்கும். அந்த நாட்களில் வாயை முரட்டுத்தனமாகத் திறந்து பார்க்கப்பட்ட குட்டி, நடுவரின் கை நெருங்கும்போதெல்லாம் பின்வாங்கும். நடையிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஓட்டநடையில் நாயின் எதிரெதிர் மூலைக் கால்கள் சேர்ந்து அசைய வேண்டும். வாரை இறுக்கிப் பிடித்தாலோ மிக மெதுவாகச் சென்றாலோ ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து அசையும் சோம்பல் நடை பழகிவிடும். எந்த வேகம் தனது நாய்க்குப் பொருந்தும் என்பது ஓடுபவருக்குத் தெரியாது. வேறொருவர் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் நகரங்களில் சனசமூக மண்டபங்களில் வாராந்தம் மாலைநேரத்தில் இதற்கென வகுப்புகள் நடக்கின்றன. தொப்பியணிந்தவர், தாடிக்காரர், கைத்தடி ஊன்றியவர் எனப் பலரும் குட்டியைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஆறு மாதம் பூர்த்தியானால் தான் குட்டிகளுக்கான பிரிவில் போட்டியிடலாம்.

இங்கு மிருகவைத்தியர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் இடையில் நீண்டகாலம் ஓர் இழுபறி இருந்தது. தடுப்பூசிகள் எல்லாம் முடிவதற்கு நான்கு மாதங்கள் வரை செல்லலாம். அதுவரை வெளியே கொண்டுபோக வேண்டாம் என்றனர் வைத்தியர்கள். கதவோ அதற்கு முன்னரே மூடிவிடுகிறது. 2008 இல் விலங்கு நடத்தை தொடர்பான அமெரிக்க மிருகவைத்தியர் சங்கம், முதற்கட்டத் தடுப்பூசியுடன், சுத்தமான இடங்களில் குட்டிகளைப் பழகவிட வேண்டும் என்று அறிவித்தது. நோயினால் இறக்கும் இளம் நாய்களை விட, பழகாத சுபாவத்தினால் கைவிடப்பட்டுக் கொல்லப்படும் நாய்களே அதிகம் என்பது அந்தச் சங்கத்தின் வாதம்.

இனி, நான் தள்ளிவைத்த விமர்சனத்துக்கு வருவோம். நாயின் மனதைக் காயப்படுத்தாமல் பழக்கக் கற்றுக்கொண்ட அதே வளையம், அதன் உடலை என்ன செய்தது? 2008 ஓகஸ்டில் பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஜெமிமா ஹரிசனின் ஆவணப்படம் இந்தக் கேள்வியை உலகின் முன் வைத்தது. மூளைக்கு இடம் போதாத மண்டையோட்டுடன் வலியில் துடித்த கவலியர் ஸ்பானியல் நாய்களை மக்கள் கண்டார்கள். கண்காட்சி அளவுகோலுக்காகத் தலைமுறை தலைமுறையாக இரத்த உறவுக்குள்ளேயே சேர்த்ததன் விளைவுகளை அந்தப் படம் அடுக்கியது. 2009 இலிருந்து பி.பி.சி. கிறஃப்ட்ஸ் ஒளிபரப்பைக் கைவிட்டது. 2010 ஜனவரியில் வெளியான விலங்கியலாளர் பற்றிக் பேற்சனின் அறிக்கையும் இனப்பெருக்க முறைகளைக் கடுமையாக விமர்சித்தது. கெனல் கிளப் பல இனங்களின் அளவுகோல்களைத் திருத்தியது. 2012 இல் கிறஃப்ட்ஸில் ஆபத்தான நிலையிலுள்ளதாகக் கருதப்பட்ட 15 இனங்களின் வெற்றி நாய்களை மிருகவைத்தியர் பரிசோதித்த பின்னரே அடுத்த சுற்றுக்கு விடுவது என்று தீர்மானிக்கப்பட்டது. புல்டோக், பீக்கிங்கீஸ் உட்பட ஆறு இன நாய்கள் அந்தப் பரிசோதனையில் தேறவில்லை. சொந்தக்காரர்கள் கொதித்தெழுந்தனர். தமது நாய் ஒழுங்காக நின்றது, ஒழுங்காக நடந்தது, நடுவர் தெரிவுசெய்தார், பிறகென்ன என்பது அவர்களது வாதம். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நாய்கள் ஒழுங்காகத்தான் பழக்கப்பட்டிருந்தன. மூச்சுவிடச் சிரமப்படும் நாயும் ஈரல் துண்டுக்காக வாலாட்டும். நல்ல பயிற்சிக்கு நாயின் பயத்தைப் போக்க முடியும். அதன் வேதனையை மறைக்கவும் முடியும். என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றில் மிகவும் சங்கடமான இடம் இதுதான்.

2016 இல் அது இன்னொரு வடிவத்தில் வெளிப்பட்டது. எமது ஊர்களில் அல்சேஷன் என்று அறியப்பட்ட ஜேர்மன் ஷெப்பேர்ட் இனத்தில் அந்த வருடம் கிறஃப்ட்ஸில் முதலிடம் பெற்ற பெண் நாயின் முதுகு பின்புறமாகச் சரிந்திருந்தது. அது தடுமாறி நடக்கும் காட்சி தொலைக்காட்சியில் வந்ததும் பொதுமக்கள் கொந்தளித்தனர். அந்த இனத்தின் வளையங்களில், கழுத்துப்பட்டியை இறுக்கிப் பிடித்து, ஒரு பின்னங்காலை நீட்டி வைத்து, நாயை ஒரு சிற்பம் போல நிறுத்திக்காட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. கையை எடுத்தால் நாய் அப்படி நிற்குமா என்று நடுவர்கள் கேட்டதில்லை. சர்ச்சையைத் தொடர்ந்து கெனல் கிளப் அந்த இனத்தின் அளவுகோலில் புதிதாக ஒரு விதியைச் சேர்த்தது. நடுவர் இரு பக்கங்களிலிருந்தும் பார்த்து மதிப்பிடக்கூடிய விதத்தில், எவரும் எந்த வகையிலும் தாங்கிப் பிடிக்காமல், சிரமமின்றி, அமைதியாக, தானாகவே நிற்க அந்த நாயால் இயலவேண்டும்.